மனுவில் நான் எழுதாத வீடு

எங்கள் வாசல் சுவரில் அந்தச் சிவப்புப் பெயின்ட் காயும்வரை நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன். ஒன்பது என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு அம்புக்குறி போட்டிருந்தார்கள். ஒன்பதின் வாலிலிருந்து பெயின்ட் ஒழுகி, தண்ணீர் டிரம்மின் மூடியில் சொட்டியது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூட முகம் பார்த்துப் பேசத் தயங்குகிறவள் நான். அன்று வந்திருந்தவர்கள் ரயில்வேக்காரர்கள். எங்கள் வீட்டை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் என் நாத்தனார்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், ஒரு பழைய கிளை லைனின் ஓரம். ஒரு காலத்தில் ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையும் மாலையும் ரயில் போகுமாம். ஆலைகள் மூடியதும் ரயிலும் நின்றது. நான் கல்யாணமாகி வந்தபோதே தண்டவாளத்தை முள்செடி மூடியிருந்தது. செடி இல்லாத இடத்தில் சாக்கை விரித்து நெத்திலி காயவைப்போம். லைனை ஒட்டியே வரிசையாக வீடுகள். எட்டாம் எண் நாத்தனார் வீடு, ஒன்பது எங்களுடையது, நடுவில் ஒரே சுவர். அவர் இருமினால் எங்கள் அடுப்படியில் கேட்கும்.

நாத்தனாரின் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஒரு நாள் காலை வேலைக்குப் போகும்போது கண்டெய்னர் லாரி அவருடைய சைக்கிள்மேல் ஏறியது. அதற்குப் பிறகும் நாத்தனார் அதே சாலை வழியாகத்தான் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து விற்றார். அந்த இடம் வரும்போது ஷேர் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொள்வாராம். ஒரு நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, “இந்த ரயில மறுபடி வுடச் சொல்லணும்மே. இன்னும் எத்தினி பேர அந்த ரோட்டுக்குக் குடுக்கறது?” என்றார். இப்படித்தான் போராட்டம் தொடங்கியது. மேடை, மைக் எதுவும் இல்லை. மீன் விற்கப் போகிற தெருவெல்லாம் கூடையோடு ஒரு நோட்டும் போனது.

பத்தாவதுவரை படித்த எனக்குக் கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும். மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பகலில் நாத்தனார் ஆட்களிடம் கையெழுத்து வாங்கிவருவார். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயரும் கதவு எண்ணும் எழுதுவேன். “இன்னாம்மே, மொய் நோட்டா எய்துற? இம்மாம் அழகா வரையாத, சீக்கிரம் எய்து” என்று கிண்டல் செய்வார். கதவு எண் எதற்கு என்று கேட்டதற்கு, “நம்பரு இருந்தாத்தான் நெஜமான ஆளுங்கன்னு நம்புவானுங்கோ” என்றார்.

மூன்றாம் பக்கத்தில் எங்கள் தெருவை எழுதும்போது எனக்குக் கை நின்றது. ரயில்வே நிலத்தில் வீடு கட்டியிருக்கிறவர்கள் பட்டியலை ரயில்வேக்கே எழுதிக் கொடுக்கிறோம். இவ்வளவு பேரில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய நானும் வாய் திறக்கவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாததா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எட்டுக்கு அடுத்துப் பத்தை எழுதினேன். எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

பல மாதங்கள் கழித்து, டேப்பும் பெயின்ட் டப்பாவுமாக நாலு பேர் வந்தார்கள். அதிகாரி கையில் எங்கள் மனுவின் ஜெராக்ஸ். என் குண்டு எழுத்து கதவிடுக்கு வழியாகவே எனக்குத் தெரிந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாகப் படிக்கப் படிக்க, பின்னால் வந்தவர் சுவரில் எழுதிக்கொண்டே வந்தார். ஏழு. எட்டு. பிறகு எங்கள் வாசலைத் தாண்டி, “பத்து” என்றார். அப்போதுதான் நாத்தனாரின் குரல் கேட்டது: “சாரே, நடுவுல ஒன்பது கீது. எய்தறப்ப வுட்டுப்போச்சு.”

நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் குழாயடியில் என் குடத்தைப் பிடித்துக்கொண்டார். “ஒன் வூட்ட மட்டும் வுட்டுட்டுப் போயிருந்தா, இந்தத் தெருவுல அப்புறம் ஒரு கொடம் தண்ணி புடிச்சிருப்பியா நீ?” என்றார். எப்போது கண்டுபிடித்தார் என்று நான் கேட்கவில்லை. பிறகு அவரே குடத்தை நிரப்பி என் இடுப்பில் ஏற்றிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே அவர் வீட்டு முன்னால் கூடியது. பத்தாம் எண் வீட்டு ஆட்டோக்காரர்தான் அதிகம் கத்தினார்.

“ரயிலு வருதோ இல்லியோ, புல்டோசரு வருது! நல்லா வெச்சியே ஆப்பு! நம்பரு எய்தச் சொன்னது யாரு?”

“நாந்தான்” என்றார் நாத்தனார்.

“எய்துனது?”

“அதுவும் நாந்தான். இன்னா இப்போ?”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். மனுவை வாபஸ் வாங்கு என்றார்கள். “பெயின்ட் அடிச்சவன் அழிக்கவா வரப்போறான்? எனக்கும் பயந்தான். அதுக்காக ரயிலு வாணாம்னு சொல்ல மாட்டேன்” என்றார். அதற்குப் பிறகு பாதித் தெரு அவரிடம் மீன் வாங்கவில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்து, பத்தே நாளில் போய்விட்டார்.

சுவரில் எண் போட்டுப் போனவர்கள் அதற்குப் பிறகு வரவேயில்லை. இப்போது நிஜமாகவே லைனைத் திறக்கப்போவதாகப் பேச்சு. முள்செடியை மிஷின் வைத்து எடுத்துவிட்டார்கள். போன மாதம் கருத்துக் கேட்க ஒரு மண்டபத்தில் முகாம் போட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தெருக்காரர்கள் என்னை அனுப்பினார்கள். ரயிலும் வேண்டும், வீட்டுக்குப் பதில் பக்கத்திலேயே இடமும் வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் அதைப் படிக்கவில்லை. அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். அதில் இரண்டு கட்டம்: ஆதரவு, ஆட்சேபம். “இடம் கேக்கறதெல்லாம் வேற ஆபீஸும்மா. இங்க ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க” என்றார்.

என் மகள் ராயபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். கண்டெய்னர் லாரிகள் போகிற அந்தச் சாலையில்தான் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போகிறாள். போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருக்கிற ஏற்பாடு. எப்போதும் ஒன்பது மணிக்குள் வந்துவிடும். அன்று ஒன்பதரை ஆகியும் வரவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தேன். பின்னால் நின்றவர், “சீக்கிரம்மா” என்றார். ஆதரவு என்ற கட்டத்தில் டிக் போட்டேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் போன் அடித்தது. ரோட்டில் ஜாமாம், இப்போதுதான் போய்ச் சேர்ந்தாளாம். நான் அழுதது எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

தெருமுனையில் பத்தாம் எண் வீட்டுக்காரர் ஆட்டோவை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். “இன்னாக்கா, வூட்டுக்குத்தான எய்தின?” என்று கேட்டார். “ரயிலுக்கு” என்றேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. “இன்னாது?” என்றார். நாத்தனார் இருந்திருந்தால் தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருப்பார். எனக்கு இரண்டாவது தடவை சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.