விளாங்குடி வீட்டில் ஆறு ஹால் டிக்கெட்டுகள்

ஊத்துப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளியில் ஜெயக்கொடி தையல் டீச்சர். மற்ற ஆசிரியர்களுக்கு இருப்பதுபோல அவளுக்கென்று வகுப்பறை கிடையாது. மழை இல்லாத நாளில் வேப்பமரத்தடி, மழை பெய்தால் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. யாராவது வாத்தியார் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வதும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் ஆபீஸ் பட்டியல்களை நகல் எடுத்துத் தருவதும் அவள் தலையில்தான் விழும்.

1981 பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப் போகிறவர்களின் பட்டியலை அப்படித்தான் நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டுப் பெயர். அதில் ஏழு பெண்கள். எழுதும்போதே போன வருஷப் பட்டியலும் ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். பரீட்சை எழுதியது ஒரே ஒருத்தி. அவளுக்கு மதுரையில் தாய்மாமன் வீடு இருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தேர்வு மையம் செல்லூரில். பரீட்சை காலை பத்து மணிக்கு. நாகமலை புதுக்கோட்டை தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே கிடக்கும் ஊத்துப்பட்டிக்கு முதல் பஸ் வருவதே ஒன்பதரைக்கு. பையன்கள் முந்தின நாளே கிளம்பிப்போய்த் தறிக்கூடத்திலோ, கடை வாசலிலோ, தெரிந்தவர் வீட்டிலோ படுத்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்?

மறுநாள் தையல் வகுப்பில் அந்த ஏழு பேரிடமும் கேட்டாள். "பரிச்சைக்கு எங்கடி தங்கப் போறீக?"

தங்கப்பொண்ணு என்ற பெண், நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள். "யாரு டீச்சர் எங்கள விடுவாக? பேரு மட்டுந்தான் குடுத்திருக்கோம்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே ஜெயக்கொடி முடிவு செய்துவிட்டாள். விளாங்குடியில் அவள் குடியிருந்தது ஒரு கூடமும் சமையல்கட்டும் மட்டுமே உள்ள வாடகை வீடு. அங்கிருந்து செல்லூருக்கு அரை மணி நேர பஸ். ஏழு பேரையும் பரீட்சை முடியும்வரை அங்கே வைத்துக்கொள்வது. அவ்வளவுதான் திட்டம்.

மில்லில் வேலை பார்த்த அவள் கணவன் நல்லகாமன், சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "ஏழு புள்ளைகளும் நீயும் இம்புட்டுக் கூடத்துல படுத்தா, நான் எங்க படுக்க?"

"அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"என்னத்த யோசிக்க? முடிவு பண்ணிட்டுத்தான கேக்குற." அவன் கை கழுவப் போனான். திரும்பி வந்து, "எங்க மில்லு பேயாண்டி ரூம்ல படுத்துக்கிறேன். காலையில சோறு மட்டும் எடுத்து வையி" என்றான்.

தலைமை ஆசிரியர் அனந்தராமன் அத்தனை சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர். மேலமாசி வீதிப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். அவர் வந்த பிறகு பள்ளியின் தேர்ச்சி எழுபதிலிருந்து எழுபத்தாறு, அதிலிருந்து எண்பத்தொன்று என்று ஏறியிருந்தது. கல்வி மாவட்டக் கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டியிருந்தார்கள்.

"நல்ல எண்ணம்தான் டீச்சர்" என்றார் அவர். "ஆனா ஒரு விஷயம் யோசியுங்கோ. இந்தக் குழந்தைகள்ல மூணு பேருக்குக் கணக்கு வராது. ஹாலுக்கே போகாதவா பெர்சென்டேஜ்ல வரமாட்டா. போய் ஃபெயிலானா வருவா."

ஜெயக்கொடி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப ஒரே ஒரு பையன அனுப்பி, அவன் பாஸாயிட்டா நமக்கு நூத்துக்கு நூறு. அப்படித்தானே சார்?"

அவள் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கேட்டாள். அனந்தராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆன் டியூட்டி எல்லாம் குடுக்க முடியாது. தையல் டீச்சருக்கு எக்ஸாம் வேலை கிடையாது. கேஷுவல் லீவ் எழுதிக் குடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

"எழுதிக் கொண்டாந்திருக்கேன் சார்" என்று எட்டு நாளைக்கான விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்தாள்.

பெற்றவர்களைப் பார்ப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. மாசி மாசம் முழுவதும் பள்ளிக்கூடம் விட்டதும் ஊத்துப்பட்டியிலும் பக்கத்துப் பட்டிகளிலும் வீடு வீடாக நடந்தாள். அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான். பாதி வீடுகளில் ஏதோ ஒரு வழியில் உறவுமுறை சொல்லிக்கொள்ள முடிந்தது. ஒருத்திக்கு அந்த மாசமே கல்யாணம் முடிந்துவிட்டது. மிச்சம் ஆறு. ஐந்து வீடுகளில் முனகிக்கொண்டோ, இரண்டாவது நடையிலோ ஒத்துக்கொண்டார்கள். தங்கப்பொண்ணின் அப்பா விருமாண்டி மட்டும் அசையவில்லை.

முதல் தடவை போனபோது மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "பாப்போம்" என்றார். இரண்டாம் தடவை இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை ஜெயக்கொடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, என்னன்னு சொல்லுங்க. சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னத்தச் சொல்ல? வயசுக்கு வந்த புள்ள. பத்துப் பன்னெண்டு நாளு வேத்து வீட்டுல கெடந்தான்னா, நாளைக்கு ஒரு எடத்துல இருந்து பொண்ணு கேட்டு வருவாகளா? ஒங்க வீட்டுல ஆம்பள இருக்காருல்ல?"

"அவரு பன்னெண்டு நாளும் வெளிய படுத்துக்கிறாரு."

"அதெல்லாம் பேச்சு."

"சரி, என்னைய நம்ப வேணாம். ஒங்க வீட்டு மதினியையும் சேத்து அனுப்புங்க. ஆறு பேருக்குப் பொங்கிப் போட எனக்கும் ஆளு வேணும். மதினி கண்ணு முன்னாலதான் புள்ள இருக்கும். அப்பறம் ஊரு என்ன பேசும்?"

விருமாண்டி இதை எதிர்பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவ போயிட்டா எனக்குக் கஞ்சி யாரு ஊத்துறது?"

உள்ளேயிருந்து அவர் மனைவி அழகம்மாளின் குரல் வந்தது. அதுவரை அவள் உள்ளே இருப்பதே தெரியவில்லை. "பானை அங்கன தான இருக்கு. கையி ஒங்களுக்கு இருக்குல்ல?"

விருமாண்டி உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு ஜெயக்கொடியைப் பார்த்தார். "எப்ப பரிச்சை?" என்றார்.

பங்குனி பிறந்து இரண்டாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆறு பெண்களும் அழகம்மாளும் அரிசி மூட்டையோடும் பாய்களோடும் விளாங்குடியில் வந்து இறங்கினார்கள். தையல் மெஷினையும் பீரோவையும் வெளியே எடுத்துச் சாக்குப் போட்டு மூடியதில் கூடத்தில் எட்டுப் பாய் விரிக்க இடம் கிடைத்தது. ஆறு ஹால் டிக்கெட்டுகளையும் ஜெயக்கொடி வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அடிபம்பில் வரிசை. ஏழரைக்குச் சோறு. எட்டேகாலுக்கு பஸ். செல்லூரில் இறங்கினால் சந்துக்குச் சந்து தறிச்சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளேயே கடைசியாக ஒரு தடவை புத்தகத்தைப் புரட்டிவிட்டு அவர்கள் உள்ளே போவார்கள். ஜெயக்கொடி எதிரே இருந்த ஒரு சைக்கிள் கடை நிழலில் ஒரு மணிவரை உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அவர்கள் பாடத்தில் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. ஆங்கிலமும் கணக்கும் அவளுக்கே தகராறு. கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது மட்டும்தான் தன் வேலை என்று நினைத்தாள்.

கணக்குப் பரீட்சை அன்று எட்டேகால் பஸ் வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. முந்தின நாள் யாரோ ஒரு கண்டக்டரை அடித்துவிட்டதால் டிரைவர்கள் வண்டி எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்களாம், டீக்கடையில் சொன்னார்கள்.

"நடங்க" என்றாள் ஜெயக்கொடி.

"டீச்சர், அம்புட்டுத் தூரமா?"

"தெனம் பள்ளிக்கூடத்துக்கு வயக்காட்டு வழியா நடக்குறதுதான? இது தார் ரோடு. நட."

திண்டுக்கல் ரோட்டோரமாகப் புழுதியில் ஏழு பேரும் வேக வேகமாக நடந்தார்கள். தத்தனேரி சுடுகாட்டுப் பக்கம் வந்தபோது ஒரு சவம் கொட்டுச் சத்தத்தோடு எதிரே வந்தது. தங்கப்பொண்ணு நின்றுவிட்டாள். பரீட்சைக்குப் போகும்போது எதிரே சாவு வந்தால் நல்லதா கெட்டதா என்று மற்ற பெண்களுக்குள் குசுகுசுவென்று சண்டை வந்தது.

"அவரு அவரு வேலைக்குப் போறாரு. நீங்க ஒங்க வேலைக்குப் போங்க" என்று சொல்லி, தங்கப்பொண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் ஜெயக்கொடி. பத்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது கேட்டைத் தாண்டினார்கள். எல்லோருடைய தாவணியும் முதுகில் ஒட்டிக்கிடந்தது.

அறிவியல் பரீட்சை அன்று சிக்கல் வேறு மாதிரி வந்தது. ஒச்சாயி என்ற பெண், ஆறு பேரில் நன்றாகப் படிக்கிறவள், விடிந்தும் பாயைச் சுருட்டாமல் பின்வாசல் படியில் தனியாகப் போய் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல டீச்சர். வீட்டுக்குத் தூரம்."

அழகம்மாளும் தயங்கினாள். "மூணு நாளு தள்ளித்தான் வைக்கிறது மதினி. பள்ளிக்கூடத்துல சாமி படமெல்லாம் இருக்கும். அதோட துணி நனைஞ்சு போச்சுன்னா ஆம்பளைங்க மத்தியில அது எந்திரிச்சு வரணுமே."

ஒச்சாயிக்குப் பயமே அதுதான் என்று ஜெயக்கொடிக்குப் புரிந்தது. சாமி படம் இரண்டாவது. வெளியே போய், மெஷின்மேல் இருந்த சாக்கை உருவினாள். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, நாலு மடிப்பாக மடித்து, இரண்டு பக்கமும் நாடா வைத்து, வாசலில் நின்றபடியே தைத்தாள். கால் மணி நேரத்தில் மூன்று. தன்னுடைய கறுப்புப் பாவாடை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"கட்டிக்க. ஓடினாலும் நகராது. மூணு மணி நேரம்தான? சாமிய நான் பாத்துக்கிறேன்."

ஒச்சாயி அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து குளிக்கப் போனாள். அன்று பஸ்ஸில் கூட்டம் இருந்தும், அவளைச் சுற்றி மற்ற ஐந்து பேரும் வட்டமாக நின்றுகொண்டே வந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வைகாசி கடைசியில் மாலைப் பேப்பரில் ரிசல்ட் வந்தது. நல்லகாமன்தான் மில் வாசலில் பேப்பரை வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தான். ஜெயக்கொடி எண்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நாலு எண் இருந்தது. இரண்டு இல்லை. ஒச்சாயி இருந்தாள். தங்கப்பொண்ணு இல்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தாள். இல்லை.

"நீ எத்தனாவது தடவைல பாஸ் பண்ணுன?" என்று கேட்டான் நல்லகாமன்.

"மூணாவது. இங்கிலீஷ்ல போச்சு."

"அப்பறம் என்ன, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு."

பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். திட்டு விழும் என்று நினைத்துத்தான் போனாள். அவர் மேஜைமேல் கல்வி மாவட்ட அலுவலகத்துக்குப் போகவேண்டிய ஆண்டறிக்கைப் படிவம் இருந்தது.

"எழுபத்தாறுக்கு வந்துட்டோம்" என்றார்.

"தெரியும் சார்."

"நானும் போட்டுப் பார்த்தேன். பெண் குழந்தைகள் போகாம இருந்தாலும் எழுபத்தேழுதான் வந்திருக்கும். பையன்களே ஏழு பேர் கோட்டை விட்டுட்டான்கள்." அவர் பேனாவை மூடி வைத்தார். "ஜனவரியில நான் பேசினது சரியில்லை டீச்சர்."

பிறகு படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். தேர்ச்சி விழுக்காடு என்ற கட்டத்துக்குக் கீழே, அச்சில் இல்லாத ஒரு புதுக் கட்டத்தை ஸ்கேல் வைத்து மையால் வரைந்திருந்தார். "தேர்வுக்கு அமர்ந்த மாணவியர்: ஆறு. சென்ற ஆண்டு: ஒருவர்." நகல் எடுக்கும்போது அந்தக் கட்டத்தை விட்டுவிட வேண்டாம் என்றார். அந்த வருஷம் கூட்டத்தில் யாரும் அவருக்குக் கைதட்டவில்லை. அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரே ஒரு அதிகாரி மட்டும் விசாரித்தாராம். அதுவே போதும் என்று வந்து சொன்னார்.

தோற்றவர்களுக்கு செப்டம்பரில் மறுபடி பரீட்சை. தங்கப்பொண்ணுக்குக் கணக்கு ஒன்றுதான் பாக்கி, ஆறு மார்க்கில் போயிருந்தது. அவளை அனுப்பச் சொல்லிக் கேட்க ஜெயக்கொடி இன்னும் மூன்று நடை நடக்கத் தயாராகத்தான் இருந்தாள். போகவேண்டி வரவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள், விருமாண்டியே மகளைச் சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு விளாங்குடிக்கு வந்துவிட்டார். மறுநாள் செல்லூருக்கும் கூடவே வந்தார்.

சைக்கிள் கடை நிழலில், ஜெயக்கொடிக்குப் பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நூல் சுற்றிய தார்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு போன ஒரு தறிக்காரர் நின்று, "யாருக்கண்ணே உக்காந்திருக்கீக?" என்று விசாரித்தார்.

"மக பரிச்சை எழுதுது. கணக்கு."

"பாஸாயிருமா?"

விருமாண்டி கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஆகும். ஆகாட்டி, பங்குனியில மறுபடி வாரோம்" என்று சொல்லிவிட்டு, ஜெயக்கொடியிடம் மணி என்ன என்று கேட்டார்.