மாமாவுக்கு விட்ட இடம்

ஒன்பது வயதுவரை எனக்குக் காது குத்தவில்லை. நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் கைக்குழந்தைகளெல்லாம் கம்மல் போட்டுக்கொண்டு தவழ்ந்த காலத்தில், நான் நாலாம் வகுப்பில் வெறுங்காதோடு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் மூளிக்காதி. அந்தப் பெயரை வைத்தவளை நன்றாகக் கிள்ளியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் கிள்ளியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

எல்லாம் என் அம்மாவின் பிடிவாதம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு ஒரே ஒரு தாய்மாமன், அம்மாவுக்குத் தம்பி. அவரோ எங்கள் வாசற்படி மிதிப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டு, நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

“வடலூர்ல ஆசாரி இருக்காரு. கொஞ்ச நேரத்து வேல” என்பார் அப்பா.

“எந்தம்பி மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி எறங்காது” என்பாள் அம்மா. இருவருக்கும் நடுவில் என் காது அப்படியே கிடந்தது.

மாமாவோடு சண்டை நிலக்கரிச் சுரங்கத்தால் வந்தது. அம்மாவின் சின்ன வயதிலேயே அவள் அப்பா இறந்துவிட்டதால், அக்காவும் தம்பியுமாகத்தான் குத்தகை நிலத்துக்கு ஏற்றம் இறைத்தார்கள். மாமா உயரத்தில் ஏற்ற மரத்தின்மேல் நடந்து மிதிப்பார். அம்மா கீழே கிணற்றடியில் நின்று, நீர் மொள்ளும் சால் வாளியைப் பிடித்துச் சாய்ப்பாள். பொம்பளை ஏற்றம் இறைக்கிறாளே என்று ஊர் சிரித்ததாம். சிரித்தவர்கள் யாரும் வந்து ஒரு சால் இறைத்துக் கொடுக்கவில்லை என்பாள் அம்மா. அவளைக் கட்டிக்கொண்ட பிறகு அப்பாவும் அந்த வீட்டோடுதான் இருந்தார். பிறகு சுரங்கத்துக்காக ஊரையே எடுத்துக்கொண்டார்கள். காலி செய்ய லாரி வந்த அன்று மாமா வயலில் இருந்தார். அப்பா கதவைக் கழற்றி லாரியில் போட்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். மாமா திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, அக்காவும் இல்லை.

“போறேன்னு ஒரு வார்த்த சொன்னாளா, வர்றியாடான்னு ஒரு வார்த்த கேட்டாளா?” என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார். அதோடு பேச்சு நின்றது. அம்மா சமாதானத்துக்கு அனுப்பிய ஆட்களெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்கள்.

அப்படித் திரும்பி வந்த கரும்பு வண்டிக்காரர் ஒருவர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். “ஒன் தம்பி யாருகிட்டயும் வாயத் தொறக்கறதில்ல தாயி. சாயங்காலமானா பஞ்சாயத்து ரேடியோ முன்னால வந்து குந்திக்கினு இருப்பான். அது ஒண்ணுதான் அவனுக்கு.”

அப்போதெல்லாம் கிராமத்துக்கு ஒரு ரேடியோதான். பஞ்சாயத்துக் கட்டடத்தில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். மாலையில் ஒருவர் வந்து சாவி போட்டுத் திறந்து, கிராம நிகழ்ச்சியை வைப்பார். உர விலை, மழைச் செய்தி, நடுவில் ஒரு பாட்டு. ஊரே மண்ணில் உட்கார்ந்து கேட்கும். வண்டிக்காரர் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டாள். அவள் உதட்டை மடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து அப்பா, “என்னமோ நடக்கப் போவுது” என்றார்.

சில மாதம் கழித்து வானொலி நிலையத்திலிருந்து ஒரு வேன் வந்தது. புது ஊர் எப்படி இருக்கிறது என்று கிராம நிகழ்ச்சிக்குப் பதிவு செய்யப் போகிறார்களாம். எங்கள் பிளாக்கு மன்றத்தில் ஆபீசர் வீட்டு அம்மாக்கள் பட்டுப் புடவையும் சுருதிப் பெட்டியுமாக வந்து உட்கார்ந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முன் வரிசையில் இருந்த காலி நாற்காலியில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

வானொலிக்காரர் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தார். டேப் ரெக்கார்டரைத் திருகியவர் முகத்தைச் சுளித்தார். “அது என்னங்க, உர்ருன்னு ஒரு சத்தம்? கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்தச் சத்தம்? எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில், வேனோடு வந்திருந்த சுரங்க நலத்துறை அதிகாரிக்குத்தான் பொறி தட்டியது. “ஓ, அதுவா! பம்ப் சார். பூமிக்கு அடியில ஊத்துத் தண்ணிய ராப்பகலா எறைக்கிறோம். நிறுத்தினா சுரங்கம் முழுகிடும்.” எங்கள் அப்பாவுக்கே அந்தப் பம்ப்பில்தான் வேலை. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த மாதிரி ஆகிவிட்டதால் எங்கள் காதுக்கு அது விழுவதே இல்லை.

“அப்ப நிறுத்த வேணாம்” என்றார் வானொலிக்காரர் அவசரமாக.

சுருதிப் பெட்டிகள் ஓய்ந்ததும், “வயக்காட்டுப் பாட்டு யாருக்காவது...” என்று அவர் முடிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். “ஏத்தப் பாட்டு தெரியுங்க.” பின் வரிசையில், அது ஆம்பிளை பாட்டாச்சே என்று யாரோ சிரித்தார்கள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைக் முன்னால் போய் நின்று, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு பாடினாள்.

“மேல மடைய யாரு தொறந்தா?”

பாடிவிட்டு நிறுத்தினாள். அவள் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

“தண்ணி எங்க போவுதடா?”

மறுபடி நிறுத்தினாள். வானொலிக்காரர் டேப்பை நிறுத்தினார். “என்னம்மா, மறந்துடுச்சா?”

“மறக்கலீங்க. அது எந்தம்பி பாடற எடம். நான் கேப்பேன், அவன் மேலேருந்து பதில் சொல்லுவான்.”

“தம்பிய வரச் சொல்லுங்களேன்.”

“அவன் அங்க ரேடியோ கேட்டுக்கினு இருப்பான்ங்க.”

“சரி, அந்த வரியையும் நீங்களே பாடிடுங்க.”

“அது அவனோடதுங்க. நான் பாடக் கூடாது.”

“அம்மா, சும்மா விட்டா பம்ப் சத்தம்தான் கேக்கும். ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நெனைப்பாங்க.”

“நெனைக்கிறவங்க நெனைச்சுக்கட்டும். எனக்கு அந்த எடம் வேணும்.”

அதிகாரி கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், கடைசியில் வாயையே திறந்து, “விட்டுக்கொடும்மா” என்றார். அம்மா நகரவில்லை. மறுபடி பாடச் சொன்னபோது, மறுபடியும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் நிறுத்தி நிறுத்தித்தான் பாடினாள். வானொலிக்காரர் சலித்துப்போய், “உங்க இஷ்டம்” என்று முழுவதையும் பதிவு செய்துகொண்டு போனார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மா என்னவோ ஒரு ராஜ்யத்தைப் பிடித்த மாதிரி நடந்தாள். எனக்குக் கம்மல் வரப்போகிறது என்று நானும் அதே நடை நடந்தேன்.

ஒலிபரப்பான அன்று மாலை பிளாக்கே ஃபோர்மேன் வீட்டில் கூடியது. எங்கள் தெருவில் அவர்தான் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டி ரேடியோ வைத்திருந்தார். உர விலை வந்தது. மழைச் செய்தி வந்தது. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

“மேல மடைய யாரு தொறந்தா? தண்ணி எங்க போவுதடா? வாய்க்கா ஓரம் யாரு நின்னா?”

மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. கேள்விமேல் கேள்வியாக ஓடி, ஒரு நொடியில் முடிந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவின் முகம் வெளிறிப்போனது. “அறுத்துட்டாங்க” என்றாள். “அவனுக்கு எடமே இல்லாம அறுத்து ஒட்டிட்டாங்க.” வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். என் கம்மலும் அந்தத் துண்டு டேப்போடு எங்கேயோ குப்பைக்குப் போய்விட்டது என்று நானும் கூடவே அழுதேன்.

மறுநாள் காலை வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. நிறுத்தக்கூடப் பொறுமை இல்லாமல் அதைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் நின்றார். வேர்வையில் நனைந்த சட்டை, அம்மாவின் அதே மூக்கு.

“யாரு ஒனக்கு ஏத்தம் எறைக்கக் கத்துக்குடுத்தது?” என்று கத்தினார். “ஊரே கேட்டுக்கினு இருக்குது. நான் பதில் பாட வாயத் தொறக்கறேன், நீ அடுத்த கேள்விக்குப் போயிட்ட! திரும்பத் தொறக்கறேன், அதுக்கும் அடுத்ததுக்குப் போயிட்ட! எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கிறானுங்க. அன்னிக்கும் என்ன ஒரு வார்த்த கேக்கல. இன்னிக்கும் எனக்கு எடம் வுடல. எப்பவும் நீ பாட்டுக்குப் போய்க்கினே இருப்ப, இல்ல?”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “மாமா, அம்மா எடம் வுட்டுத்தான்...” என்று ஆரம்பித்தேன். புளி கரைத்துக்கொண்டிருந்த கை வந்து என் வாயைப் பொத்தியது.

“ஆமாண்டா தம்பி” என்றாள் அம்மா. “எடம் வுட்டிருக்கணும். ஒன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். நான் கேக்கல. எந்தப்புதான்.”

சண்டைக்கென்றே அத்தனை தூரம் மிதித்து வந்தவருக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசற்படியை மிதித்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்தவர், “என்னாக்கா இது, இம்மாம் பெரிய புள்ள மூளிக்காதோட நிக்குது?” என்றார்.

“மடி வரல” என்றாள் அம்மா.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, மாமாவைப் பார்த்து, “வாங்க மச்சான்” என்று ஒரு வார்த்தை சொன்னார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், தான் வந்த சைக்கிளை அப்படியே திருப்பிக்கொண்டு வடலூருக்கு ஆசாரியை அழைக்கப் பறந்தார். நல்ல நாள் பார்க்க வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால், பார்ப்பதற்குள் மாமாவுக்கு மனம் மாறிவிட்டால்?

ஊசி இறங்கியபோது நான் போட்ட கூச்சல் சுரங்கத்துக்கே கேட்டிருக்கும். என் கவனத்தைத் திருப்ப அம்மா பாடினாள். “தண்ணி எங்க போவுதடா?” பாடிவிட்டு நிறுத்தினாள். மாமாவின் நெஞ்சு என் முதுகுக்குப் பின்னால் ஏறி இறங்கியது. “தாயி வயலுக்குப் போவுதக்கா” என்று அவர் பாடினார். குரல் கரகரவென்று இருந்தது. ஆசாரி அடுத்த காதையும் முடித்துவிட்டார்.

அன்று மாலை, காதில் மஞ்சளும் எண்ணெயுமாக, அம்மாவிடம் போய் நின்றேன். வானொலிக்காரரிடம் அத்தனை வீம்பு பிடித்து நின்றவள், மாமாவிடம் ஒரே நிமிடத்தில் தோற்றதை என்னால் தாங்க முடியவில்லை.

“அறுத்தது அவங்கதானே? நீ ஏம்மா மாமாகிட்ட பொய் சொன்ன?”

“நான் எங்கடி பொய் சொன்னேன்?” என்று சொல்லிவிட்டு அம்மா அரிசி களையப் போய்விட்டாள். அவள் தப்பு என்று ஒப்புக்கொண்டது பாட்டைத்தான் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.