வாப்பா ஜீப்புக்கு எஞ்சின் மாற்றிய வருடம்

உம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியின் மேலே நீலமும் ஊதாவுமாக மெல்லிய படலம் ஒன்று படர்ந்திருந்தது. ஊதினால் அது கோப்பையின் ஓரத்துக்கு ஒதுங்கிப் போய், பிறகு மெதுவாக நடுவுக்குத் திரும்பி வந்தது. வாயில் வைத்தபோது இஞ்சிக்குப் பின்னால் டீசல் மணத்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. இத்தனை காலம் கழித்தும், ஏதாவது ஒரு கராஜைக் கடக்கும்போது அந்த வாடை மூக்கில் பட்டால் தொண்டைக்குள் கசந்து வருகிறது. கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவசரமாக நடந்து விடுகிறேன்.

எங்கள் வீடு கல்முனைக்கு வடக்கே, கடலின் இரைச்சல் கேட்கும் தூரத்தில், முழுக்க மணலான ஒரு வளவில் இருந்தது. கிணறு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் வளவுக்கும் சரீனா மாமியின் வளவுக்கும் நடுவில் வேலியை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நின்ற ‘பங்குக் கிணறு’ அது. பாதி வட்டம் எங்கள் பக்கம், பாதி வட்டம் அவர் பக்கம். சரீனா மாமி எங்களுக்கு இரத்த உறவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் மாமி. கணவர் மௌத்தான பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, நூலுக்குத் தானே சாயம் போட்டு, முன்னறையில் கிடந்த தறியில் ஆண்கள் உடுத்தும் சாரன் நெய்து பிழைத்து வந்தார். சாயம் நூலில் சீராக ஏற வேண்டுமென்றால் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்தக் கிணற்றின் தண்ணீர் அவ்வளவு சுத்தமாகத்தான் இருந்தது, வாப்பா அந்த ஜீப்பைக் கொண்டு வரும் வரைக்கும்.

வாப்பாவுக்கு மேற்கே, ‘வட்டை’ என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில், வயல் இருந்தது. மாரி தொடங்கினால் வயல் பாதை சேறாகி, மோட்டார் சைக்கிள் சக்கரம் புதைந்துவிடும். அதற்காகத்தான் ஜீப் வாங்குவதாகச் சொன்னார். ஆனால் உழவு மெசினின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட அந்தச் சாமானைப் பார்த்தவர்கள் யாரும் அது வயலுக்குப் போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜாதி என்று வாப்பா பெருமைப்பட்டார். அன்றைக்கு ஒரு சக்கரம்கூடச் சரியாக உருளவில்லை. சீற்றுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. எஞ்சினின் காற்று வடிகட்டியைத் திறந்தபோது பஞ்சும் மூத்திர நாற்றமும் காய்ந்துபோன ஒரு பல்லியும் வெளியே விழுந்தன. பெற்றோல் எஞ்சின் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து இறுகி, என்ன செய்தும் சுற்றவில்லை. அதைக் கழற்றிவிட்டு, உடைத்து விற்கப்பட்ட வான் ஒன்றின் டீசல் எஞ்சினைப் பூட்டுவது என்று வாப்பாவும் அவருடைய கூட்டாளி ‘ரசீன் பாஸ்’ என்கிற மெக்கானிக்கும் முடிவு செய்தார்கள். பாஸுக்குச் சொந்தமாகக் கராஜ் இல்லை. எங்கள் பின்வளவு கராஜானது.

மூன்று தென்னங்குற்றிகளைக் கூடாரம்போல நட்டு, அதில் ‘செயின் புளொக்’கைத் தொங்கவிட்டுப் பழைய எஞ்சினைத் தூக்கினார்கள். அது அந்தரத்தில் ஆடியபடி வந்தபோது, எஞ்சின் ஒயில் தேங்கும் அடிச்சட்டியிலிருந்து தாரைப்போலக் கறுத்த ஒன்று கயிறுகயிறாக மணலில் வடிந்தது. எஞ்சினைக் கொண்டுபோய்க் குசினிச் சுவரோரம் சாத்தினார்கள். அன்றிலிருந்து எங்கள் சோற்றுப் பானை வரைக்கும் அந்த வாடை ஏறியது. உம்மாவின் மாவரிக்கிற அரிதட்டு நட்டுகளைக் கழுவப் போனது. என்னுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், கழுவக் கழுவப் போகாத ஐந்து விரல் கறுப்பு விழுந்தது. வாப்பா ஆசையாகத் தட்டிக் கொடுத்த கைதான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

டீசல் எஞ்சின் வந்த பிறகு தொல்லை இரட்டிப்பானது. அதன் அடிச்சட்டி ஜீப்பின் முன் அச்சில் இடித்தது. எஞ்சினை உயர்த்திப் பூட்டினால் பொனெற் மூடவில்லை. தாழ்த்தினால் அச்சு இடித்தது. அடிச்சட்டியை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய இடம் ஒழுகியது. ஒவ்வொரு தடவையும் எஞ்சினை இறக்கி, ஒயிலை வடித்து, உள்ளே டீசல் ஊற்றிக் கழுவி, மறுபடியும் ஏற்றினார்கள். அந்த ஐப்பசி முழுவதும் இதுதான் நடந்தது. வடித்ததையும் கழுவியதையும் எங்கே ஊற்றினார்கள் என்பது எனக்குத் தெரியும். கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் வாப்பா முழங்கால் ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டியிருந்தார். பேசின் பேசினாக ஊற்றுவார். கறுத்த ஒயில் கண்முன்னே மணலுக்குள் இறங்கிக் காணாமல் போகும்.

“கிணத்துக்குக் கிட்டத்தானே வாப்பா,” என்று ஒரு நாள் கேட்டேன்.

“மணல் குடிச்சிரும் மகள்,” என்றார், பேசினை உதறிக்கொண்டே.

மழை பிடித்து நிலத்தடி நீர் மேலே வந்தது. அதோடு படலமும் வந்தது. முதலில் வாளியின் ஓரத்தில், பிறகு தேத்தண்ணியில், பிறகு உம்மா தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீரில். சரீனா மாமியின் நூல் கெட்டது. பெருநாளுக்கு நெய்து கொடுக்க ஒப்புக்கொண்ட சாரன்களுக்கான பச்சை நூல் அது. சாயம் ஏற மறுத்து, தேமல் விழுந்த தோல்போல அங்கங்கே வெளிறிக் கிடந்தது. அவர் நூல் சிட்டத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து நின்று மெதுவாகத்தான் கேட்டார்.

“தம்பி, தண்ணியில ஒயில் மணக்கிது. ஒங்கட வேலையாலயா எண்டு ஒருக்காப் பாருங்களன்.”

வாப்பா ஜீப்பின் அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். “ஒங்கட சாயத் தண்ணிய எங்க ஊத்திற நீங்க? அதுதான் கிணத்துக்குள்ள இறங்கியிரிக்கி. எங்களுக்கும் குடிக்கத் தண்ணியில்லாமப் போச்சி,” என்றார்.

அவர் அதைச் சொன்ன வேகத்தில், கொஞ்ச நேரத்தில் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். மறுநாள் பள்ளிவாசலில் முறைப்பாடு வைத்ததும் அவர்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து நம்பிக்கையாளர்கள் மூன்று பேர் வந்து கிணற்றடியில் நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சரீனா மாமி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றார். கிடங்கை வாப்பா காலையிலேயே வெள்ளை மணல் போட்டு மூடி, மேலே தென்னோலையை இழுத்துவிட்டிருந்தார். வாப்பா பேசினார், மாமி பேசினார். மூவரில் தாடி நரைத்தவர் என்னைப் பார்த்து, “புள்ள பொய் சொல்லாது. வாப்பா ஒயில எங்க மகள் ஊத்தின?” என்று கேட்டார்.

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. தன் நகக்கண்ணில் இருந்த கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சரீனா மாமியைப் பார்த்தேன்.

“தெரியா,” என்றேன்.

கிணறு தெளியும் வரை மாமி வளவுக்குள் சாயம் போடக்கூடாது என்று முடிவு சொன்னார்கள். வாப்பா பெருந்தன்மையாக, “பாவம், நானும் அதப் பெரிசாக்க விரும்பல்ல,” என்றார். அதைக் கேட்டதும் குசினிக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன். உம்மா வந்து என் முதுகைத் தடவினார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“முருங்கையடியிலதானே?”

தலையாட்டினேன்.

மறுநாள் வாப்பா லேத் பட்டறைக்குப் போன பிறகு, உம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். மேலே இருந்த வெள்ளை மணலை ஒதுக்கிவிட்டு வெட்ட வெட்ட, கரிச்சட்டியைச் சுரண்டியதுபோலக் கறுத்த மணல் வந்தது. அதற்குள் பழந்துணி, உடைந்த வாசர்கள், பிசுபிசுத்துச் செத்துப்போன மண்புழுக்கள். கடகம் கடகமாக அள்ளி, வீட்டின் கடப்படியில், தெருவில் போகிற எல்லோரும் பார்க்கும்படி குவித்தார். நானும் அள்ளினேன். முழங்கை வரைக்கும் ஒட்டிய அந்தப் பிசுக்கை மூன்று நாள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன்.

நண்பகலில் வந்த வாப்பா குவியலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“மணல் குடிச்சத எல்லாம் வெளிய எடுத்து வெச்சிரிக்கன்,” என்றார் உம்மா. “பள்ளி ஆக்கள வந்து பாக்கச் சொல்லுங்க.”

வந்தார்கள். பார்த்தார்கள். “தெரியாம நடந்த விசயம்தானே,” என்று ஒருவர் சொன்னார். கிணற்றை இறைக்கச் சொன்னார்கள். பம்பு வைத்து நான்கு நாள் இறைத்தும் படலம் குறைந்ததே தவிர போகவில்லை. சரீனா மாமியின் வீட்டுக் கடப்படிக்குப் போய், நாங்கள் சொன்னது பிழை என்று சொல்ல அந்த மூவரில் ஒருவருக்கும் கால் வரவில்லை. வாப்பாவும் போகவில்லை. உம்மா மட்டும் போனார்; நெடுநேரம் கழித்துக் கண் சிவந்து திரும்பி வந்தார்.

அந்த வாரமே ஜீப் ஸ்டார்ட் ஆனது. கறுத்த புகை மாமியின் கொடியில் காய்ந்த துணிகளின் மேல் போய் விழுந்தது. தெருவே கூடி நின்று கைதட்டியது. தீர்ப்புச் சொன்ன நரைத்த தாடிக்காரர் முன் சீற்றில் ஏறி உட்கார்ந்து, “மாஷா அல்லாஹ், நல்ல இழுவை,” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். நான் அந்த ஜீப்பில் ஒருநாளும் ஏறவில்லை. மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஏன் என்று வாப்பா கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெருநாளுக்குச் சாரன் கொடுக்க முடியாததால், எடுக்கிற கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கோடையில் மாமி தறியைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு சாய்ந்தமருதில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. பங்குக் கிணற்றைத் தூர்த்து, வேலி இருந்த இடத்தில் மதில் கட்டிவிட்டார்கள். ஜீப்பும் விற்றுப்போனது. முதுமையில் வாப்பா, வருகிறவர்களிடமெல்லாம் அந்த எஞ்சினை எப்படிப் பூட்டினார் என்பதைக் கைகளால் விளக்கிக் காட்டுகிறார். ஒயிலை எங்கே ஊற்றினார் என்பது அந்தக் கதையில் வருவதில்லை. அந்தக் கதை தொடங்கினால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

போன வருடம், யாரிடமும் சொல்லாமல், சாய்ந்தமருதுக்குப் போய்ச் சரீனா மாமியைத் தேடிப் பிடித்தேன். பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார். தெரிந்துகொண்டே அன்றைக்குத் தெரியா என்று சொன்னதைச் சொன்னேன். மாமி என் கையைப் பிடித்துத் தடவினார்.

“நீ சின்னப்புள்ள. வாப்பாக்குப் பயந்திரிப்பாய்,” என்றார். “ஆனா மகள், நீ அவரப் பாத்துச் சொல்லல்ல. என்ட மூஞ்சயப் பாத்துத்தான் சொன்ன.”

“ஓம் மாமி,” என்றேன்.

அவர் என் கையை விடவில்லை. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இருந்தேன்.