காலி வீட்டில் சுழன்ற தட்டு

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பொறியாளராக இருந்தேன். மீட்டர் அதிகம் ஓடுகிறது என்று யார் வந்தாலும், மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சொல்லி அனுப்புவேன்.

அஸ்தம்பட்டியில் என் வீட்டின் பின்பகுதியில் ஒரு தையல்காரப் பெண் குடியிருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம், கணவர் லாரி ஓட்டுநர், பெரும்பாலும் வடக்கேதான் இருப்பார். எங்கள் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துத்தான் அவருக்குப் பிழைப்பு. எல்லா வீட்டுக்காரர்களையும் போல நானும் தனியாக சப்-மீட்டர் வைத்து, மின்சார இஸ்திரிப் பெட்டி கூடாது என்றும் சொல்லியிருந்தேன். ஆனால் இரண்டு விளக்கு எரியும் வீட்டுக்கு அந்த மீட்டர் அதிகமாகவே ஓடியது. மின்சாரப் பெட்டி வைத்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"கரிப்பெட்டிதானுங்க சார் வெச்சிருக்கறேன். வேணும்னா ஊட்டுக்குள்ள வந்து பாருங்க," என்றார்.

அடுத்தவர் வீட்டைச் சோதிப்பது நாகரிகமில்லை என்று மறுத்து, மீட்டரைக் கழற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

மீட்டருக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்றில் எப்போதும் மின்னழுத்தம் இருக்கும். மற்றதில் விளக்கோ விசிறியோ போட்டால்தான் மின்சாரம் பாயும். இரண்டும் சேர்ந்து ஓர் அலுமினியத் தட்டைச் சுழற்றும். வேகம் மிஞ்சாமல் ஒரு காந்தம் இழுத்துப் பிடிக்கும். தெரிந்த அளவு சுமையைக் கொடுத்து, தட்டு சுற்றும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். மிகச் சரி. இன்னொரு சோதனையும் உண்டு: சுமையே இல்லாமல், மின்னழுத்தத்தை மட்டும் சற்றுக் கூட்டி, தட்டு நிற்கிறதா என்று பார்ப்பது. நிற்கும் தட்டை உட்கார்ந்து பார்ப்பது அலுப்பான வேலை. சொந்த மீட்டர்தானே என்று விட்டுவிட்டேன்.

மீட்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, "மீட்டர் சரியாத்தான் இருக்கும்மா," என்று சொல்லி, வேறு வீடு பார்க்கச் சொன்னேன். தெருவில் யாரும் வீடு தரவில்லை. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம், திருட்டுத்தனமாக மின்சாரப் பெட்டியில் தேய்க்கிறார் என்று நானே சொல்லியிருந்தேன். அவர் ஊருக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

சாமான் வண்டி போன மறுநாள் மீட்டரைக் குறிக்கப் போனேன். காலி வீட்டில் தட்டு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டரைத் தாண்டியிருந்த மெயின் சுவிட்சையும் அணைத்தேன். அப்போதும் தட்டின் கறுப்புக் குறி போய், மறுபடி வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே இருந்ததால் எங்களுக்கு மின்னழுத்தம் எப்போதும் சற்று அதிகம்.

கொல்லையில் விட்டுப்போன துணி வெட்டும் பலகையை எடுக்க வந்த அவரும் என் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஏனுங்க சார், இப்ப யாருங்க உள்ள தேய்க்கறாங்க?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் விளக்கினேன். ஒற்றை விளக்குக்கும் தட்டு நகர வேண்டுமென்று உராய்வை ஈடுகட்டச் சிறு உந்துதல் வைத்திருப்பார்கள். அது மிஞ்சி, மின்னழுத்தமும் கூடினால் தட்டு தானாக நகரும் என்றேன். பிழையில்லாத விளக்கம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியும்."

பலகையை இடுக்கிக்கொண்டு, "வாரனுங்க சார்," என்று போய்விட்டார். தெருவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை தெருவுக்கு எதுவும் சொல்லவில்லை.

அடுத்துக் குடிவந்தவருக்குப் புது மீட்டர் வைத்தேன், எல்லாச் சோதனையும் செய்து. நேர்மையான வீட்டுக்காரர் என்று அவர் தெருவெங்கும் சொன்னார்.