தந்தித் தாத்தா

போன கோடையில் எங்கள் மணப்பாட்டுக் கடற்கரையில் ஒரு சினிமாக் கூட்டம் வந்து இறங்கியது. மகனைக் கடலில் பறிகொடுத்த கிழவனின் கதையாம். கிழவனாக நடிக்கக் கல்கத்தாவிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள். ஷாட் இல்லாத நேரத்தில் எங்கள் வீட்டு வேப்பமர நிழலில்தான் அவருக்கு நாற்காலி.

அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. அதற்காக நான் வாயை மூடிவிடுவேனா? மேக்கப் போடும் மெட்ராஸ் பெண் இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்லுவாள். சணல் ஆலையில் கணக்கெழுதிக்கொண்டே தெரு நாடகம் போட்டவராம். அப்புறம் சினிமாவில் வில்லன், அதற்கப்புறம் ஊரில் உள்ள ஹீரோவுக்கெல்லாம் அப்பா. கல்கத்தாவில் ரோட்டில் நடந்தால் காலில் விழுவார்களாம்.

“வசனமே வேணாம் பாட்டி, கையாலேயே அழ வெச்சுடுவார்” என்றாள். சில வருஷமாகப் பட வாய்ப்பு இல்லை, இந்தப் படத்தைத்தான் நம்பியிருக்கிறார் என்றும் சொன்னாள்.

எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயிலோடு சரி. கரையில் புழங்குவது வேறு. பாதி ஊருக்குப் பெயர் வைத்தது என் வாய்தான். பங்குச் சாமியாருக்கே ஒன்று இருக்கிறது, அதை இங்கே சொல்ல முடியாது.

ஒருநாள் பெரியவருக்கு டீ கொடுத்தேன். டம்ளரை வாங்கிய வலது கை நடுங்கி, டீ வேட்டியில் சிந்தியது. கேமரா முன்னால் வலையை இறுக்கிப் பிடித்தபடி இருப்பார், அப்போது இது தெரிந்ததே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். “ஏளா, இங்கன பாரு. தாத்தா கை தந்தி அடிக்கி!”

“யாருக்குக்கா?”

“பொண்டாட்டிக்குத்தாம்ளா. மணப்பாட்டுல ஒருத்தி டீயக் குடுத்து மயக்கிட்டான்னு!”

சாயங்காலத்துக்குள் ஊருக்கே அவர் தந்தித் தாத்தா. மறுநாள் கரையில் அவர் தலையைக் கண்டதும் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். ஏதோ மரியாதையான பெயர் என்று நினைத்து, அவர் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

டைரக்டரும் சிரித்துக்கொண்டே, “அதென்ன தந்தி?” என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி டம்ளர் பிடிப்பது போல் கையை வைத்து, வெடவெடவென்று ஆட்டிக் காட்டினாள். “எங்க அக்கா வச்ச பேரு சார். நல்லாருக்கா?”

டைரக்டரின் சிரிப்பு நின்றது. பெரியவரிடம் போய், வலையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டச் சொன்னார்.

நீட்டினார். அவ்வளவுதான், அன்றைக்குப் படப்பிடிப்பு இல்லை.

மேக்கப் பெண் என்னைத் தேடி வந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “மாத்திரை போட்டுட்டுதான் இருக்கார் பாட்டி. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்க வீட்டு நிழல்லதான் கையை மறைக்காம உட்கார்ந்திருந்தார்.”

மறுநாள், மகனின் வலையைத் தடவிக் கிழவன் அழுகிற கட்டம். முகம் மட்டும் அவருடையதாம். கைக்கு என் மச்சினனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவன் வலையைத் தடவத் தடவ, பெரியவர் தள்ளி உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று டீ எடுத்துக்கொண்டு போனேன். தூரத்தில் என்னைக் கண்டதுமே தோளில் கிடந்த துண்டை மடியில் போட்டு, வலது கையை அதற்குள் நுழைத்துக்கொண்டார். பிறகு எப்போதும் போலச் சிரித்து, இடது கையால் டம்ளரை வாங்கினார். கேட்க வந்ததைக் கேட்காமலே, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நான் வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும் என்று இத்தனை காலம் பெருமையடித்திருக்கிறேன். இப்போது யாராவது என் எதிரில் எதையும் மறைக்காமல் உட்கார்ந்தால், அவர்களுக்காக எனக்கு என் வாயை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.