பல்லாவரத்துக் குரல்

ஒரு நடிகை தான் நடித்த எல்லாப் படங்களிலும் வேறொரு பெண்ணின் குரலில் பேச நேர்ந்தது. அதற்குக் காரணம் நான். அவர் குரலில் எந்தக் குறையும் இல்லை. குறை இருப்பதாகச் சொன்னவன் நான், அது பொய் என்று தெரிந்தே சொன்னேன். இப்போது எனக்கு எண்பத்து மூன்று வயது. இதை இன்னும் தள்ளிப்போட முடியாது.

தாம்பரத்தில் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. முடித்த கையோடு, கோடம்பாக்கத்தில் ஒரு வசனகர்த்தாவிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். வசனத்தைப் படி எடுப்பது, நடிகர்களுக்குச் சொல்லித் தருவது என் வேலை. அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்த படத்துக்குக் கதாநாயகியாக வந்தவர் பல்லாவரத்துப் பெண். அப்பா தோல் பதனிடும் ஆலையில் கூலி. புதிதாக வரும் பெண்ணைச் செட்டில் எல்லோரும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் போதும், மனத்தில் நின்றுவிடும். சற்றுக் கனத்த, அடித்தொண்டையிலிருந்து வரும் குரல்.

என் குரு காய்ச்சலில் படுத்தபோது ஒரு காட்சியை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காய்கறி விற்கும் பெண், கணவனின் பிணத்தின் முன்னால் புலம்புகிறாள். ஒரு பக்கம் முழுக்க அடுக்குமொழியில் எழுதினேன். எதுகையும் மோனையும் தட்டாமல் வந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. படப்பிடிப்பன்று அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எம்.ஏ. சார், புருசன் செத்துக் கெடக்கிறான். இவ இன்னாத்துக்கு மேடையில பேசுற மாதிரி பேசிகினு கீறா?”

விளக்குப் பிடிக்கும் ஆட்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். “பாப்பா சொல்றது கரெக்ட்டுதான். நீ எப்டிம்மா அழுவே, அழுது காட்டு” என்றார். பாப்பா பிணத்தின் காலருகே உட்கார்ந்து, “எந்திரி. கூடைய யாரு தூக்கிவுடறது?” என்றார். அவ்வளவுதான். ஒரு பக்கம் போய் இரண்டே இரண்டு வாக்கியம். சற்றுமுன் சிரித்த விளக்குக்காரர் ஒருவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதியதைவிட அது மேல் என்று எனக்கும் தெரிந்தது. அது தெரிந்ததுதான், எல்லோரும் சிரித்ததில் வந்த கோபத்தை அதிகமாக்கியது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்துவிடுவார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு மட்டும் பின்னால் வேறொருவர் பேசுவார். பாப்பா தமிழ்ப் பெண், அதனால் அந்தப் பேச்சே எழவில்லை. படத்தை எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்த அன்று தயாரிப்பாளரும் வந்திருந்தார். விளக்குகள் எரிந்ததும் இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “நீ தமிழ் படிச்சவன். சொல்லுப்பா, கொரல் எப்படி?”

நான் சொன்னேன்: “முகம் மகாலட்சுமி சார். குரல் பல்லாவரம் சந்தை.”

தயாரிப்பாளர் தொடையில் தட்டிச் சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. அடுத்த வாரமே இனிமையான குரலுள்ள ஒரு பெண்மணி வந்து, படம் முழுவதற்கும் பேசிவிட்டுப் போனார். பாப்பாவிடம் ஒலிப்பதிவில் கோளாறு என்று சொன்னார்கள். படம் ஓடியது. ‘குயில் குரல்’ என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு வந்த எல்லாத் தயாரிப்பாளர்களும் முகத்தோடு சேர்த்து அந்தக் குரலையும் கேட்டார்கள்.

நான் இரண்டு வருடத்தில் சினிமாவை விட்டுவிட்டுக் கல்லூரி ஆசிரியரானேன். அவர் பத்துப் பன்னிரண்டு வருடம் கதாநாயகியாக இருந்தார். நகைச்சுவைக் காட்சிகளில் அவர் கண்களாலேயே எதிராளியைச் சாய்த்துவிடுவார். அழும் காட்சியில் மூக்கைச் சிந்துவதற்குக் கூச்சப்படாத ஒரே கதாநாயகி அவர்தான். ஆனால் விழா மேடைகளில் ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசினால் தெரிந்துவிடுமே. ஒரு முறை தாம்பரத்தில் ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். நானும் மனைவியும் கூட்டத்தில் நின்றோம். “பேசு, பேசு” என்று ஜனம் கத்தியது. கைகூப்பிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். “இன்னா திமிரு பாத்தியா” என்றான் பக்கத்தில் இருந்தவன். “பாவம், தொண்டை கட்டியிருக்கோ என்னமோ” என்றாள் என் மனைவி. நான் அவளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

அவருக்குக் குரல் கொடுத்தவர் திருமணமாகி வெளிநாடு போனார். வேறு குரல்களை வைத்து இரண்டு படம் எடுத்தார்கள். ஜனம் ஏற்கவில்லை. நானே பேசுகிறேன் என்று அவர் தயாரிப்பாளர்களிடம் கேட்டபோது, இப்போது போய் எதற்கு விஷப்பரீட்சை என்றார்களாம். முப்பத்திரண்டு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா வேடம்கூட வரவில்லை.

போன வருடம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனையில், கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் ஒரு பெண்மணி நர்ஸிடம் கேட்டார்: “எனக்கு முன்னால இன்னும் எத்தினி பேரும்மா கீறாங்க?”

அது பாப்பாவின் குரல். அவருடைய ரசிகர் யாராவது அங்கே இருந்திருந்தாலும் அந்தக் குரலை அடையாளம் தெரிந்திருக்காது. எழுந்து தடவிக்கொண்டே போய் நான் யார் என்று சொன்னேன். “எம்.ஏ. சாரா! அடுக்குமொழி இன்னும் கீதா, வுட்டுட்டீங்களா?” என்று சிரித்தார்.

சிட்லபாக்கத்தில் தங்கை மகள் வீட்டில் இருந்தார். சேலையூரிலிருந்து நான் மாதம் இரண்டு முறை போவேன். பழைய கதைகளைப் பேசுவோம். அவ்வப்போது யாராவது வயதானவர் தேடி வந்து, “உங்க குரல் இன்னும் காதுல இருக்கும்மா” என்பார். இவர் புன்னகை செய்வார், பேசமாட்டார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அவரைக் கௌரவிக்கலாம் என்று முடிவானது. பேச்சாளன் நான். நாலு பேர் முன்னால் செய்த தவறை நாலு பேர் முன்னால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிறிய கல்யாண மண்டபம், நூறு பேர் இருக்கலாம். பொன்னாடை போர்த்தி முடித்ததும் மைக்கின் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சந்தை வாக்கியத்தையும் சொன்னேன். கடைசியில் அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினேன்.

என்னை யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. முன்வரிசையில் பழைய படங்களை ஒட்டிய ஆல்பத்தோடு கையெழுத்து வாங்க வந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்: “அப்ப அந்த வாய்ஸ் இவங்களுது இல்லியா?”

“இல்லியாமே. யாரோ வேற லேடியாம்.”

“அது யாரு? இருக்காங்களா?”

மண்டபம் முழுக்க அதே பேச்சுத்தான். செயலாளர் மேடையில் இருந்த அவரிடம் மைக்கை நீட்டி, “ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா” என்றார். அவர் அதை வாங்கவில்லை. எழுந்து கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார். ஆல்பக்காரர் கையெழுத்து வாங்காமலே போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் என் பேச்சின் வீடியோ சங்கத்தின் வாட்ஸாப் குழுவிலிருந்து எங்கெங்கோ போயிருந்தது.

விழா முடிந்து வெளியே காருக்குக் காத்திருந்தவர் அருகே போனேன். தங்கை மகள் என்னைப் பார்க்கவே இல்லை. அவர்தான் பேசினார். குரலில் கோபம் இல்லை.

“நீங்கதான் சொன்னீங்கன்னு எனக்கு இன்னிக்கித்தான் தெரியும் சார். அது போவட்டும். அந்தக் கொரலு என்னுது இல்லதான். ஆனா ஜனங்க அத என் மூஞ்சிலதான வெச்சிருந்தாங்க. எனக்குன்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அன்னிக்கும் என்னக் கேக்கல, இன்னிக்கும் என்னக் கேக்கல. ரெண்டு தபாவும் நீங்களே பேசிட்டீங்க.”

மன்னிக்க வேண்டும் என்றேன். கார் வந்துவிட்டது.

அடுத்த வாரம் காலை பதினோரு மணிக்குப் போனேன். “பெரியம்மா தூங்குறாங்க” என்றார் தங்கை மகள், கேட்டைத் திறக்காமல். அதற்கடுத்த முறையும் தூங்கினார். அப்புறம் நான் போவதை நிறுத்திக்கொண்டேன். அவரைத் தேடி வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள் என்று சங்கச் செயலாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நாலு மாதம் கழித்துத் தொலைபேசியில் தங்கை மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: நடந்ததை எழுதலாமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் எழுதமாட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதலாம், ஆனால் யார் பெயரும் கூடாது. அச்சுக்குப் போகும் முன் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அதனால்தான் மறுபடியும் சிட்லபாக்கம் போனேன். கூடத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால் நானே வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். கடைசிப் பத்தியில், அவர் என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தேன். வீட்டுக்குள் விட்டதையே அப்படி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அத எட்த்துடுங்க சார். அத நான் சொல்லல” என்றார்.

அவர் எதிரிலேயே பேனாவால் அதை அடித்தேன். மீதியைத் திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.