சிவப்பு வெள்ளை பூசிய ஸ்டாண்டு

போன வாரம் என் பேத்தி செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, மூன்று கால் ஸ்டாண்டுகளின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். சீயமங்கலத்துக் குகைக் கோயிலைப் படம் எடுக்கப் போகிறாளாம். ஊர் ஊராகத் திரிய லேசான ஸ்டாண்டு வேண்டுமாம், விலையும் கையைக் கடிக்கக் கூடாதாம். "இத பாரு தாத்தா, ஒரு கிலோகூட இல்ல. தூக்க ஆளே வேணாம், நான் ஒருத்தியே போய்டுவேன்" என்றாள். எனக்குக் கேட்டது பாதிதான். எனக்கு இடது காது கேட்காது. அது செவிடானதே ஒரு லேசான ஸ்டாண்டால்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நான் மெதுவாகச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்து மூன்று வயது. செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் இடையே எங்கள் போட்டோ ஸ்டுடியோ. மாமா நடத்தியது, அவருக்குக் கண் மங்கியதும் என் கைக்கு வந்தது. சாவியோடு கோபத்தையும் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்த ஒரு மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்து நான் திருகியதில், பாவம், தாலி கட்டுகிற வரைக்கும் அவன் கழுத்து கோணிக்கொண்டே இருந்தது. புருவத்துக்கு மேலே இந்தத் தழும்பு, பஸ்ஸில் சீட்டுக்குப் போட்ட சண்டை. எதிராளிக்கு ஒரு பல் போனது. அப்போது அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

ட்ரைபாட் என்கிற பேரெல்லாம் பின்னால் வந்தது. எங்களுக்கு அது ஸ்டாண்டுதான். மாமா விட்டுப்போனது தேக்கு மரம், பித்தளைக் கவ்வி, மடக்கினாலும் ஒரு ஆள் உயரம். அதைத் தூக்கவென்றே கோவிந்தண்ணன் இருந்தார். நாற்பது தாண்டிய ஆள். மாமா காலத்திலிருந்து அதைத் தோளில் போட்டுப் போட்டு வலது தோள் காய்த்துப்போயிருக்கும். ராஜகிரிக் கோட்டை உச்சி வரைக்கும் அதைச் சுமந்து ஏறிவிட்டு, மூச்சு வாங்காமல் "இன்னா நைனா, காத்து ஜாஸ்தியா இருக்குதே" என்பார். நான் காமிராப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு நாக்குத் தள்ளி வந்து சேருவேன்.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் எல்லையிலேயே ஸ்டாண்டை இறக்கி வைத்து, "போட்டோ வந்துக்குது, போட்டோ" என்று மூன்று தரம் கூவுவார். அதற்குப் பிறகாவது கூப்பிட்ட வீட்டுக்கு நேராகப் போவாரா என்றால் மாட்டார். அந்த வீட்டுக்கு ஆகாத வீடு எது என்று அவருக்குத் தெரியும், முதலில் அங்கே போவார். வாசலில் ஸ்டாண்டைச் சாய்த்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, "உன் பங்காளி ஊட்ல போட்டோ புடிக்க வந்துக்கறோம், வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. நான் வெயிலில் நின்று பல்லைக் கடிப்பேன். போட்டோ எடுக்க வந்தவன் ஊர்ப் பகையெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பானா என்று எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலில்தான் மெட்ராஸுக்குப் போனேன், லேசான ஸ்டாண்டு வாங்க. சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு தனியாகப் பறக்க வேண்டும், யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சாமான் கடையில் மூன்று இருந்தன. ஸ்டாண்டு வாங்குவதும் மாடு பிடிப்பதும் ஒன்றுதான், காலைப் பார்க்க வேண்டும். முதலாவது ஜெர்மனிச் சரக்கு, விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். இரண்டாவது படு சல்லிசு. காலை முழுக்க நீட்டிக் கடைக்காரரிடம் ஒரு செங்கல் வாங்கி அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று காலும் அகண்டு தரையில் படுத்துக்கொண்டது.

மூன்றாவது அலுமினியக் குழாய். சுண்டு விரலில் தூக்கலாம். செங்கல் தொங்கியும் அசையவில்லை, தலையில் சுண்டினால் நடுக்கம் உடனே அடங்கியது. பூட்டைத் திருகினால் கால் டக்கென்று நின்றது. ஒரே குறை, முன்பு வைத்திருந்த எவனோ உயரம் பார்க்க வசதியாகக் கால்களில் அடிக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் பூசியிருந்தான். "அதான் சார் யாரும் தொடல. இல்லாங்காட்டி இந்த ரேட்டுக்குக் குடுப்பனா?" என்றார் கடைக்காரர். பெயின்ட்டா படம் எடுக்கப் போகிறது என்று நான் பெரிய கெட்டிக்காரனாட்டம் சிரித்தேன்.

மறுநாள் கோவிந்தண்ணனிடம் புது ஸ்டாண்டைக் காட்டி, இனி வெளியூர் வேலைக்கு அவர் வர வேண்டியதில்லை என்றேன். இப்படிச் சொல்ல வாய் எப்படி வந்தது என்று இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். சிவப்புப் பட்டையைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஷோக்காத்தான் இருக்குது. ஊருக்குள்ள போறப்போ கூவிட்டுப் போ நைனா" என்றார். அவ்வளவுதான். நான் காதில் வாங்கவில்லை, அப்போது இரண்டு காதும் நன்றாகவே கேட்டது.

எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். செடியைப் பிடுங்கிய நிலத்தில் ஈர மண்ணும் பச்சைக் காயுமாக ஒரு வாசனை அடிக்கும். ஊரே அதற்கு நாக்கைச் சப்புக்கொட்டும், எனக்குக் குமட்டும். அன்றைக்கு அனந்தபுரம் வழியில் ஒரு கிராமத்துக்கு நான் போனது மல்லாட்டை பிடுங்குகிற சமயம். கிணற்றுக்குக் கரண்டு வந்து மோட்டார் வைத்தால், மோட்டாருக்கு மாலை போட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். ஏழுமலை என்பவர் மோட்டார் வைத்திருந்தார், என்னைக் கூப்பிட்டிருந்தார்.

கிணறு ஏழுமலைக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. முந்தின வருஷம் சர்வேயர் வந்து, மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றி, சிவப்பு வெள்ளைக் கம்பை நட்டு அளந்ததில், அண்ணன் வீட்டு மேட்டு நிலத்தில் ஒரு துண்டு ஏழுமலை பக்கம் போய்விட்டது. இனி எவனாவது அளக்க வந்தால் காலை வெட்டுவோம் என்று அண்ணன் மகன்கள் சொல்லி வைத்திருந்தார்கள். இது எனக்குத் தெரியாது. கோவிந்தண்ணனுக்குத் தெரியும்.

நான் கூவவில்லை, யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, கிணற்றங்கரையில் ஸ்டாண்டை விரித்து, காமிராவைப் பூட்டி, குனிந்து பார்த்தேன். ஏழுமலை மாலைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். ஷட்டர் வயரை அழுத்தினேன். அழுத்தின கையோடு பின்னாலிருந்து மண்வெட்டிக் காம்பு இடது காதில் இறங்கியது. உள்ளே ஏதோ கிழிந்த சத்தம், அந்தக் காது கடைசியாகக் கேட்ட சத்தம் அதுதான்.

விழுந்து நிமிர்ந்தால் மூன்று பேர். "கெணத்தையும் அளக்க வந்துட்டியாடா?" என்றான் மூத்தவன். அந்த இடத்தில் "நான் போட்டோக்காரன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லையே. காதிலிருந்து ரத்தம் ஒழுகியதும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. காமிராவோடு ஸ்டாண்டைப் பிடுங்கிச் சுழற்றினேன். நல்ல லேசு, கைக்கு வாட்டமாகச் சுழன்றது. நடுவுளவனின் முகத்தில் பட்டு மூக்கு உடைந்தது. காமிரா கழன்று மண்ணில் போய் விழுந்தது. கீழே கிடந்தவனை இன்னொரு தரம் அடித்தேன், அது தேவையே இல்லாத அடி. மூத்தவன் தம்பி முகத்தைப் பார்த்தான், இடுப்பிலிருந்து அருவாளை உருவினான்.

"போட்டோடா, சர்வே இல்லடா, போட்டோடா" என்று கத்திக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தார். என் கழுத்துக்கு இறங்கிய வெட்டைக் கையை நீட்டித் தடுத்தார். கோவிந்தண்ணன். நான் எங்கே போயிருக்கிறேன் என்று கடைத்தெருவில் கேட்டுவிட்டுச் செஞ்சியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். அவருடைய வலது கையின் மூன்று விரல்கள் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிமேல் விழுந்தன. ஒரு விரல் கொஞ்ச நேரம் துடித்தது.

வெட்டினவன் அருவாளைப் போட்டுவிட்டு, "அண்ணே, நீயாண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனே தன் வேட்டியைக் கிழித்துக் கையைக் கட்டினான். அவர்கள் வீட்டு வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கு உடைந்தவன் ஒரு பக்கம், காது கிழிந்தவன் ஒரு பக்கம், நடுவில் அவர். மாடு வெட்டும்போது தானே பட்டுக்கொண்டதாக அங்கே எழுதச் சொல்லிவிட்டார். இல்லை, மாடில்லை, மட்டை; தென்னை மட்டை. எனக்கு இங்கே வந்தால் வாய் குளறும். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஜெயிலுக்குப் போய்ட்டா மல்லாட்டைய எவன் புடுங்கறது? நீயும்தான அடிச்ச" என்றார்.

மறுநாள் அந்தக் கிணற்றுக்குப் போய் ஸ்டாண்டை முழங்காலில் வைத்து வளைத்து உள்ளே வீசினேன். கோவிந்தண்ணனை மறுபடி வரச் சொன்னேன், வந்தார். தேக்கு ஸ்டாண்டை நான் சுமந்தேன், ஊர் எல்லையில் அவர் கூவினார். அதற்குப் பிறகு நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவரை ஒரு படம் எடுக்க எத்தனையோ தரம் கெஞ்சினேன். "இந்தக் கையோடயா? வாணாம் நைனா" என்று துண்டுக்குள் மறைத்துக்கொள்வார். அப்படியே போய்ச் சேர்ந்தார். ஆயிரம் படங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஆளுக்கு மாட்டி வைக்க ஒரு படம் இல்லை என்று அவர் சம்சாரம் அழுதது.

இப்போது அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். ஏழுமலையின் நிலமும் அண்ணன் நிலமும் ஒரே மனைப்பிரிவாகி, வரப்பு போய், வரிசையாகச் சிவப்பு வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள். வெட்டவும் யாரும் வரவில்லை, கூவவும் யாரும் இல்லை.

அன்றைக்குக் காமிராவிலிருந்த பிலிமை உடனே கழுவ எனக்குத் துணிவில்லை, டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன். கோவிந்தண்ணனின் காரியம் முடிந்த பிறகுதான் கழுவினேன். அடி விழுவதற்கு முந்தின நொடி அதில் இருந்தது. அந்த ஸ்டாண்டு நல்ல ஸ்டாண்டு, துளி அசைவில்லை. மோட்டார், மாலை, விறைத்து நிற்கும் ஏழுமலை. அவருக்குப் பின்னால் தூரத்து வரப்பில் ஒருவர் ஓடி வருகிறார், வாய் திறந்திருக்கிறது. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்திருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் விரல் ஐந்தையும் எண்ணிவிடலாம்.